புகைக்கு ஒரு வழி

(பூனாவின் ஹடப்சரில் தமிழன்பர்கள் கூடிய மார்கழி மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாளரங்களைச் சாத்திக்கொண்டு இல்லத்திலேயே இருந்துவிடலாம் என்று மனம் சொல்லும் மார்கழி மாலையில், அந்தச் சுகத்தைத் துறந்து இம்மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம், வீட்டுக்குள் தீ வளர்த்துக் குளிர்காய்வதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பூனா நகரத்துக்கு இந்த விஷயம் அவசியந்தானா என்று சிலர் ஐயுறலாம். 1935-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்நகரின் வெப்பநிலை 1.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதுண்டு; ஆயினும் சாதாரண வருஷங்களில் ஹடப்சரின் குளிர், ஒரு கம்பளியும் ஒரு குவளைச் சுக்குக் காப்பியும் தீர்த்து வைக்கக்கூடிய குளிர்தான் என்பது என் அபிப்பிராயம். எனினும், இங்கே உழைத்துப் பொருள் சேர்த்த நம்மவரில் சிலர் மகாபலேஷ்வரத்திலோ, உதகையிலோ, கோடைக்கானலிலோ ஓய்வுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ள எண்ணுகிறார்கள் என்றும், கூடத்துச் சுவரில் ஒரு கணப்பு இருந்தால்தான் மலைவீட்டுக்கு இலட்சணம் என்று கட்டடக் கலைஞர்கள் அவர்களிடம் சொல்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். இன்னும் சிலர், அடுக்குமாடியின் எட்டாவது தளத்திலேயே அத்தகைய அலங்காரம் ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா என்று விசாரிக்கிறார்கள். ஆகவே பேசுவது பிரயோஜனமற்றதாகாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெருப்பைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. கணப்பு வாங்கப் புறப்படுகிறவர் எல்லோரும் சலவைக்கல்லைப் பார்க்கிறார்கள், இரும்புத் தட்டைப் பார்க்கிறார்கள், மேலே வைக்கப்போகும் படத்தையும் பூச்சாடியையும்கூட மனத்தில் பார்த்துவிடுகிறார்கள். எரிந்ததன் மிச்சம் எந்த வழியாக வெளியேறும், அந்த வழியை ஆண்டுதோறும் யார் ஏறித் துடைப்பார் என்ற கேள்வி மாத்திரம் எழுவதில்லை. இந்தக் கேள்விக்கு விடை இல்லாத வீட்டில், எத்தனை அழகான கணப்பும் வேண்டாத பொருள்தான்.

குளிர்காலத்து வீட்டை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடையைப் பயின்றவர்களுக்கு நினைவிருக்கும்: வாடைக்கு அஞ்சி மாடத்துக் கதவுகளைத் தாழிட்டுவிடுகிறார்கள், குளிர்ந்த நீரைப் பருகுவார் எவருமில்லை, வாய் அகன்ற தடவு என்னும் தீச்சட்டியில் கனன்ற செந்நெருப்பை அண்டியிருக்கிறார்கள். அந்தத் தடவின் வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை. நம் பாட்டிமாருடைய குமுட்டி அடுப்பு அதன் பேத்தி; இங்கே மராத்தியர் சேகடி என்று சொல்வது அதன் மற்றொரு கிளை; இரவில் குடியிருப்புகளின் வாயிலில் காவலாளிகள் சுள்ளிகளைக் கூட்டி மூட்டும் சேகோட்டி, சட்டியும் இல்லாமல் வெட்டவெளியில் வாழும் ஏழை உறவு. ஆனால் நக்கீரர் காலத்து மாடத்துக்கும் இங்குள்ள இன்றைய மகர்பட்டாவின் அடுக்குமாடிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கூரையும் ஓடும் மரச்சட்டமும் சேர்ந்த பழைய வீடு, கதவைச் சாத்தினாலும் நூறு இடுக்குகளின் வழியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கான்கிரீட்டும், இரப்பர் ஒட்டிய அலுமினியச் சாளரமும் சேர்ந்த புதிய அறையோ, சாத்தினால் சாத்தியதுதான். அந்த அறைக்குள் ஒரு சட்டிக் கரித்தணலைக் கொண்டுவந்து வைத்து உறங்கினால் என்ன ஆகும் என்பதை, வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பத்திரிகைகள் சொல்கின்றன.

கரித்தணல் புகை கக்குவதில்லை. அதனாலேயே அதனை நம்புகிறோம். காற்றுப் போதாத இடத்தில் அது கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்தும் குணமும் இல்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் எளிதில் விடுவதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உணர்வு தப்பிவிடுகிறது. புகை குறைந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு தீயைப் பத்திரமானது என்று நிர்ணயிப்பது பெரும் பிழை. ஆகவே கணப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையில் முதல் விதியை இப்போதே சொல்லிவிடலாம்: புகைபோக்கி இல்லாத எந்தத் தீயும் படுக்கையறைக்கு ஆகாது; சேகடியைத் திண்ணையிலும் முற்றத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலைவீட்டுக்குப் போவோம். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் கல் வீடு எழுப்பிய காலந்தொட்டு, ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் கணப்பையும் மலைமேல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழைய பங்களாக்களின் கணப்புகளைப் பார்த்து மயங்கி, அப்படியே ஒன்று வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அறைக்குக் கிட்டுவது அரிது. மிச்சமெல்லாம் புகைக்கூண்டு வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. போகும்போது, நாம் முன்பே சூடேற்றி வைத்திருந்த அறைக் காற்றையும் உடன் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடுப்பெதிரே அமர்ந்தவருக்கு முழங்கால் சுடுகிறது, முதுகு நடுங்குகிறது.

இந்தக் குறையைச் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்து நல்ல மாற்றுக் கண்டவர், அமெரிக்காவில் பிறந்து, அங்கே சுதந்திரப் போர் மூண்டபோது ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, பின்பு பவேரிய ஆட்சியாளருக்கு ஊழியம் செய்து ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன் என்னும் விசித்திர மனிதர். 1796-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் மிக எளிது: கணப்பின் குழியை ஆழமாக வைக்காதீர்கள், பக்கச் சுவர்களை நேராக நிறுத்தாமல் அறையை நோக்கி விரியும்படி சாய்த்துக் கட்டுங்கள், சூடு அறைக்குள் எதிரொளிக்கும், புகை ஏறும் தொண்டையை நான்கு அங்குலத்துக்குக் குறுக்குங்கள், புகை விரைந்து ஏறும், அறைக் காற்று வீணாகாது. இலண்டன் சீமான்கள் தங்கள் அகன்ற கணப்புகளை இடித்துக் குறுக்கிக்கொள்ள ஓடினார்கள். ஜேன் ஆஸ்டினின் ஒரு நாவலில், பாழ்பட்ட மடாலயத்தின் பயங்கர அழகைக் காண ஆசைப்பட்டு வந்த கதாநாயகி, அங்கே சிற்ப வேலை செய்த பெருங்கணப்புக்குப் பதிலாகச் சுத்தமான ரம்ஃபோர்டு கணப்பைக் கண்டு ஏமாந்து போகிறாள். நம் கட்டடக் கலைஞர்களில் பலர் அந்தக் கதாநாயகியின் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பது என் சந்தேகம்.

அளவுகளைச் சொல்கிறேன், வேண்டுவோர் குறித்துக்கொள்ளலாம். புகைக்குழாயின் உட்பரப்பு, கணப்பின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. வாய் மூன்றடி அகலமும் இரண்டரை அடி உயரமும் ஆனால் 1,080 சதுர அங்குலம். ஆகவே குழாய் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலமாவது வேண்டும். புகைக்கூண்டு கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர்ந்திருக்க வேண்டும். அதைச் சுற்றிப் பத்தடிக்குள் இருக்கும் எந்த முகட்டைக் காட்டிலும் இரண்டடி மேலோங்க வேண்டும். இல்லையேல் காற்று முகட்டில் மோதிப் புரண்டு, புகையைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளும். வெளிச்சுவரில் ஒட்டிய புகைக்கூண்டு குளிர்ந்து கிடக்கும். வீட்டின் நடுவே எழும்புவது வெதுவெதுப்பாக இருந்து நன்றாக இழுக்கும். உட்புறத்தைத் தீச்செங்கல்லால் கட்டுங்கள். ஆற்றுக்கல்லின் அழகில் மயங்கி அதைத் தீக்கு அருகில் பதிப்பவர்கள், ஈரம் உறிஞ்சிய கல் சூட்டில் வெடிக்கும் என்பதை அறியவேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு, அடுத்த அறையில் சமையல் புகையை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கணப்பில் புகை திரும்புகிறதே என்று மேஸ்திரியை வைவது நியாயமாகாது. விசிறி வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வீட்டுக்குள் வேறு காற்று வர வேண்டும். சாளரங்கள் அடைபட்டிருந்தால் அது புகைக்கூண்டு வழியாகவே இறங்கும். கணப்பு எரியும் வேளையில் ஒரு சாளரத்தை இரண்டு விரற்கடை திறந்து வையுங்கள்.

கட்டுவது ஒரு முறை. விறகோ ஒவ்வோர் ஆண்டும். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதைப் பிளந்து, மேலே மட்டும் மறைப்பிட்டு, பக்கங்களில் காற்றோடும்படி அடுக்கி ஓராண்டு வைத்தால் ஈரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். பச்சை விறகை எரிப்பவர், தம் தீயின் ஒரு பகுதியை அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவே செலவிடுகிறார்; அறைக்கு எஞ்சுவது அந்த அளவுக்குக் குறைகிறது. அதைவிடக் கெடுதல், அரைகுறையாக எரிந்த அந்தப் புகை மேலே குளிர்ந்த குழாயில் படிந்து, கீல் போன்ற கறுத்த பிசுக்காக இறுகுவது. ஒரு நாள் பெருந்தீ வளர்க்கும்போது அந்தப் பிசுக்கே பற்றிக்கொண்டு, புகைக்கூண்டு முழுவதும் கொள்ளியாகிவிடும். உட்சுவரில் அரைக்கால் அங்குலம் படிந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. படியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் கழிந்து முதல் தீ மூட்டுமுன், கம்பித் துடைப்பத்தால் உச்சிமுதல் அடிவரை துடைக்க வேண்டும். கூண்டுக்குள் பறவை கட்டிய கூடும் அப்போதுதான் கண்ணில் படும். நீலகிரியில் சீகை மரத்தையும், அங்குள்ளவர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸையும் எரிக்கிறார்கள். உலர்ந்தால் இரண்டும் நன்றாகவே எரிகின்றன. மகாபலேஷ்வரம், பஞ்சகனிப் பிரதேசம் 2001-ஆம் ஆண்டிலேயே சூழல் நொய்ம்மை மிக்கதாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரந்தானே என்று கோடரியை எடுப்பவர் சட்டத்துக்குப் பதில் சொல்ல நேரும். சாம்பலில் ஓர் அங்குலம் அடியிலேயே இருக்கட்டும், அடுத்த தீக்கு அது நல்ல மெத்தை; மிச்சத்தை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் இட்டு வெளியே வையுங்கள். நீறு பூத்த கங்கு இரண்டு மூன்று நாளுக்குப் பின்னும் உயிரோடிருக்கும். காகிதப் பையில் கொட்டிய சாம்பலால் எரிந்த வீடுகள் உண்டு.

அன்பர்களே, இதுவரை சொன்னது வசதி படைத்த சிலருடைய ஓய்வு வீட்டுக் கதை. இந்தத் தேசத்தில் கணப்பு என்பது கோடிக்கணக்கான குடிசைகளில் சமையலடுப்பாகவே இருந்து வந்திருக்கிறது. குளிருக்கு இதமும் அதுவே, கண்ணீருக்குக் காரணமும் அதுவே. இந்தத் துயரத்தைத் தீர்க்க முனைந்தவர்களில் ஒரு தமிழர் தலைமை தாங்கினார் என்பதையும், அந்த முயற்சி நடந்தது இதே மகாராஷ்டிர மண்ணில் என்பதையும் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, அமெரிக்காவில் பொருளாதாரம் கற்றுத் திரும்பி, மகாத்மாவிடம் தம்மை ஒப்படைத்துக்கொண்டவர். 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதன் காரியதரிசியாகி, வார்தாவில் மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயரிடப்பட்ட மகன்வாடியில் அமர்ந்து, எண்ணெய்ச் செக்கு, காகிதம், தேனீ முதல் எருக்குழி வரை எல்லாவற்றையும் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிச் சாலையிலிருந்து 1947-இல் வெளிப்பட்டதுதான் மகன் சூலா: மண்ணாலேயே கட்டியது, ஒரு வாயில் விறகிட்டால் உள்வழியே சூடு ஓடி ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களைக் காய்ச்சும்; புகை, குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடும். நம் வீட்டுக் கொடி அடுப்பை அறிந்தவர்களுக்கு இந்த யுக்தியின் முதற்பாதி புதிதன்று, புகைக்குழாய்தான் புதிது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலறிஞர் இதே வழியில் மேலும் சென்று, சூட்டை அடக்கியாளத் தடுப்புத் தகடுகளும் அமைத்து, கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை என்ற கருத்தில் 1953-இல் ஒரு நூலே எழுதினார்.

பிறகு சர்க்கார் முன்வந்தது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம், சுமார் இருபது ஆண்டுகளில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை நாடெங்கும் கட்டித் தந்தது. எண்ணிக்கை பிரமாதம். அடுப்புகள் எங்கே? எத்தனையோ கிராமங்களில் குழாய் உடைந்தது, அடைத்தது. புதிய குழாய் விற்கும் கடை இல்லை. கட்டித் தந்தவர் திரும்பி வரவில்லை. பாத்திரம் அடுப்பின் வாய்க்குப் பொருந்தவில்லை. குடும்பத்துப் பெண்மணி ஒரு நாள் அதை இடித்துவிட்டுப் பழைய மூன்று கல்லுக்கே திரும்பினாள். அவளைக் குறைகூற எனக்கு நாவெழாது. அடுப்பைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதனோடு வாழ்பவர் இன்னொருவர் என்றால் விளைவு வேறெப்படி இருக்கும்?

இதற்குப் பின்னும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ரெமா ஹான்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள், ஒரிசாவில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைப் பெற்ற கிராமங்களில் ஏறக்குறைய 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை கவனித்தார்கள். சமைப்பவர் சுவாசிக்கும் புகை முதலாண்டில் குறைந்தது. அதன் பின்னர் அந்த நன்மை மறைந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அதே அடுப்புத்தான். ஆனால் வீடுகளில் அதை ஒழுங்காக உபயோகிப்பாரும் குறைவு, பழுது பார்த்துத் துடைப்பார் அதைவிடக் குறைவு. ஒரு சுத்தியும் ஒரு துடைப்பமும் இல்லாமல் ஒரு நல்ல யோசனை எப்படிச் சாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. உதகைப் பங்களாவின் கணப்புக்கும் ஒரிசாக் குடிசையின் அடுப்புக்கும் இந்த ஒரு விஷயத்தில் பேதமே இல்லை.

நம் பூனாவுக்கும் இந்த வரலாற்றில் ஒரு கௌரவமான இடம் உண்டு. மகளிர் பல்கலைக்கழகம் கண்ட தோண்டோ கேசவ் கர்வேயின் பேரரும், தாவர இயலறிஞருமான ஆனந்த் கர்வே முதலியோர் 1996-இல் நிறுவிய ஆர்ட்டி என்னும் கிராமியத் தொழில்நுட்ப நிறுவனம், நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளைக் கவனித்தது. ஹடப்சரிலிருந்து சோலாப்பூர்ச் சாலையில் கிழக்கே போகிறவர்கள் இருமருங்கும் கரும்புத் தோட்டங்களைப் பார்ப்பார்கள். கரும்பை வெட்டிச் சென்றபின் வயலில் கிடக்கும் உலர்ந்த தோகையை மாடும் தின்னாது. உழவர் தீயிட்டுக் கொளுத்திவிடுவது வழக்கம். அந்தத் தோகையை மூடிய உலையில் கரியாக்கி, பசையிட்டுக் கட்டிகளாகப் பிடித்து அடுப்பெரிபொருளாக்கும் முறையை இவர்கள் பரப்பினார்கள். 2002-இல் இலண்டனின் ஆஷ்டன் விருது இதற்காகக் கிட்டியது. சராய் என்று இங்கே விற்கப்படும் அடுக்குப் பாத்திரத்தில் அந்தக் கட்டிகளில் நூறு கிராம் அளவைக் கொண்டே ஒரு சிறு குடும்பத்துக்குச் சோறும் பருப்பும் காய்கறியும் வேகின்றன. நான் வியக்கும் கருவிகளில் அதுவும் ஒன்று. ஆனால் எரிவது கரி என்பதை மறவாதீர்கள். முற்றத்திலோ, நன்றாகத் திறந்த பால்கனியிலோ வைத்துச் சமையுங்கள்.

கடைசியாக, அடுக்குமாடியில் வாழும் பெரும்பாலோருக்கு. எட்டாவது தளத்தில் விறகுக் கணப்பு வேண்டாம். புகைக்கூண்டு எழுப்ப உங்களுக்கு ஆகாயம் இல்லை, மேல்வீட்டுக்காரருடைய தரைதான் இருக்கிறது. ஹடப்சரின் காற்றை அளந்து அறிவிக்க சஃபர் அமைப்பின் நிலையம் ஒன்று இங்கேயே உள்ளது. குளிர்கால இரவுகளில் அது காட்டும் எண்களுக்கு நாமும் ஒரு கொள்ளி சேர்க்க வேண்டியதில்லை. புகைபோக்கி வேண்டாதது என்று சாராயத்தில் எரியும் அலங்காரக் கணப்பு விற்கிறார்கள். அதன் சுடர் சில வேளை கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணிச் சூடான கிண்ணத்தில் மீண்டும் ஊற்றும்போதுதான் விபத்து நேர்கிறது. சுடரின் அழகுக்காகத்தான் வேண்டும் என்பவர் மின்சாரக் கணப்பை வாங்கிக்கொள்ளட்டும். குளிர்தான் காரணம் என்றால் அதுவோ, எண்ணெய் நிரப்பிய மின்சூடேற்றியோ போதும். சமையலறைச் சிம்னி வாங்குவோர், புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாயுள்ளதை வாங்குங்கள். கரி வடிகட்டி வழியாக அதே காற்றை அறைக்கே திருப்பிவிடும் ரகத்தில் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், மின்சாரக் கட்டணம் ஒன்றுதான் மிச்சம்.

ஆனால் நம் வீடுகளில் நாம் கணப்பென்று எண்ணாத ஒரு கணப்பு இருக்கிறது. பழைய பூனா வீடுகளில் பம்ப் என்று ஒரு செப்புக் கொதிகலன் இருக்கும்; நடுவே குழாயோடும், அதில் விறகும் கரியும் எரிய, சுற்றிலும் வெந்நீர் காயும். நம் ஊர் வெந்நீர் பாய்லரும் அதே ஜாதி. புழக்கடையிலோ திறந்த முற்றத்திலோ வைத்ததால் அதன் புகை யாரையும் வருத்தவில்லை. அந்தப் பம்ப் இருந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் கேஸ் கீசர். வெண்மையான சிறு பெட்டியாக, நாலடிக்கு ஆறடிக் குளியலறைச் சுவரில் அது தொங்குகிறது. குளிர்காலமாதலால் வென்டிலேட்டரை அடைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கிறோம். எரிகிறது எரிவாயுதான் என்றாலும், காற்றுப் போதாதபோது பிறக்கும் விஷம் கரித்தணலில் பிறந்த அதே விஷம். இம்மாநிலத்திலும் பிற இடங்களிலும் இளைஞர்களும் மணமாகிச் சில நாளேயான தம்பதிகளும் இவ்விதம் மாண்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் கேஸ் கீசர் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குளியலறைக்குள் இருக்குமாயின் நாளைக்கே ஆளை அழைத்து வெளிப்பால்கனிக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் அதை எடுத்துவிட்டு மின்சாரக் கீசர் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் வரையில் வென்டிலேட்டரின் அடைப்பை நீக்கி வையுங்கள். வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்த பிறகே கதவைச் சாத்துங்கள். தலை கனத்தால் உடனே வெளியே வாருங்கள். வாடகை வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.